மேயர் கொடுத்த பனியன்

மேயர் திருமூர்த்தி எங்கள் மொச்சைக்காட்டு வீதிக்கு வருவதாக நோட்டீஸ் வந்திருந்தது. நிஜமாகவே வரப்போகிறார் என்பது எனக்கு மற்றவர்களைவிட இரண்டு நாள் முன்னாலேயே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கொசு மருந்து அடித்தார்கள். எங்கள் வீதிக் கொசுக்கள் பிறந்து வளர்ந்து பேரன் பேத்தி எடுத்து, வயதாகித்தான் சாகும். மருந்தடித்துச் சாகிறதென்றால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று அர்த்தம். சாயங்காலம் சாக்கடையோரம் வெள்ளைப் பவுடர் தூவினார்கள். அதுவும் மைதானத்துக்குப் போகிற பக்கம் மட்டும். என் வீடு எதிர்ப்பக்கம். தூவிய ஆளிடம், "இந்தப் பக்கம் இருக்கறவங்க எல்லாம் ஆளில்லீங்களா?" என்று கேட்டேன். "மேயர் கார்ல இடதுபக்கம் உக்காருவாருங்க்கா" என்றான். உண்மையைச் சொல்கிறவன், அந்த வேலையில் ரொம்ப நாள் தங்கமாட்டான்.

மேயர் வருவது எங்கள் வீதிப் பெண்பிள்ளைகளைப் பாராட்டுவதற்காக. பன்னிரண்டு பேர், கோ-கோ ஆட்டத்தில் மாநிலக் கோப்பை வாங்கி வந்திருந்தார்கள். கேப்டன் மோனிஷா என் எதிர்வீட்டுப் பெண். கல்லூரியில் முதல் வருடம். அம்மா மருதாள் பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் திருப்பிப் பார்த்து, பழுது இருந்தால் ஒதுக்கி, இல்லாவிட்டால் பாஸ் செய்கிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. என் வீட்டில் தோசை கொடுத்தால்கூட ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

அப்பா நஞ்சப்பன் சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். மகள் விளையாடுவதற்கு அவர் சம்மதித்ததற்கு ஒரே காரணம், மைதானம் வீட்டு வாசலில் நின்றால் தெரியும் தூரத்தில் இருப்பதுதான். "இருட்டுன பொறவு பஸ்ஸேறிப் போயி வெளையாடற சோலியெல்லாம் நம்மூட்டுல கெடையாது. மைதானம் இருக்கற வரைக்கும் ஆடு. இல்லீன்னா உங்கம்மாவோட கம்பெனிக்குப் போ" என்று அவர் சொன்னது என் சன்னல் வழியாகக் கேட்டது. நான் காதைக் கொண்டுபோய் வைக்கவில்லை. சன்னல் அங்கே இருக்கிறது.

அந்த மைதானத்துக்குத்தான் வினை வந்திருந்தது. இரண்டு மாதம் முன்னால் மூன்று பேர் டேப் வைத்து அளந்தார்கள். எதற்கென்று கேட்டேன். "சும்மாங்க்கா." வெயிலில் சும்மா அளக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. பிறகு விஷயம் கசிந்தது. நாலு வார்டுக் குப்பையையும் அங்கே கொண்டுவந்து, பிரித்து, மட்க வைத்து, உரம் ஆக்கப் போகிறார்களாம். காகிதத்தில் அதற்குப் பெயர் நுண்உரக் கூடம். எங்கள் வீதியில் குப்பைக் கொட்டாய். மோனிஷாவுக்கு அக்டோபரில் மாநில அணித் தேர்வு. கொட்டாய் அதற்கு முன்னால் வந்தால் அவள் ஆட்டம் அத்தோடு சரி. எனவே மேயர் வருகிற அன்றைக்கு, நாலு பேர் முன்னால் அவர் வாயாலேயே "மைதானத்தைத் தொடமாட்டோம்" என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு வாரமாகச் சோறு தண்ணி இல்லாமல் திரிந்தாள்.

விழா நோட்டீஸில் "பாராட்டு விழா மற்றும் மக்கள் கேள்விகளுக்கு மேயர் பதில்" என்று போட்டிருந்தது. கேள்வியை முன்கூட்டியே சீட்டில் எழுதி, கட்சிக்காரர் சிவராஜிடம் கொடுத்துவிட வேண்டும். நூறு சீட்டாவது போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கப் போனபோது சிவராஜ் மூலை மேசையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர், சாக்கடை, நாய், தோண்டிப்போட்ட ரோடு எல்லாம் ஒரு குவியல். அது எண்ணெய்ப் பலகாரம் சுற்றுகிறதற்குப் பேக்கரிக்காரரிடம் போயிற்று. மிச்சம் ஆறு சீட்டு சட்டைப் பையில். மோனிஷாவின் எழுத்து எனக்குத் தெரியும். அவள் சீட்டில் இரண்டு வெங்காய பஜ்ஜி உட்கார்ந்திருந்தது.

நேராகப் போய் அவளிடம் சொன்னேன். மூட்டிவிடவில்லை, தகவல் சொன்னேன்.

"பஜ்ஜி சுத்தியாச்சுங்களா?" என்றாள்.

"ஆமா கண்ணு. மொளகாப் பஜ்ஜி வேற மறுபக்கம்."

அவள் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ரொம்ப இறுக்கிக் கட்டினாள்.

பத்து மணி விழாவுக்கு மேயர் பதினொன்றே காலுக்கு வந்தார். மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் மேடை, மேற்கு ஓரத்தில் எங்களுக்குப் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும், நடுவில் பிள்ளைகள் ஆடுகிற களம். மக்களோடு மக்களாக இருக்கிறவருக்கு நூறடி தள்ளி மேடை எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கல் எறிந்தால் படாத தூரம் என்று மருதாள் சொன்னாள். அவள் சொல்வதில் எப்போதும் அளவு சரியாக இருக்கும்.

முதலில் பாராட்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சால்வை, ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் மடித்த பனியன், அதன் நெஞ்சில் மேயரின் முகம். பனியன் அச்சடித்தது மேயரின் மச்சான் தரணீதரனின் பிரிண்டிங் யூனிட். மேடையில் மேயருக்குப் பின்னால் அவரும் உட்கார்ந்திருந்தார். கோப்பையை வாங்கிப் பார்த்த மேயர், அதைத் திருப்பிக் கொடுக்க மறந்து மடியிலேயே வைத்துக்கொண்டார். அவர் ஆடி ஜெயித்தது போலத்தான் இருந்தது.

அப்புறம் கேள்வி நேரம். சிவராஜ் முதல் சீட்டை மைக்கில் படித்தார்.

"மேயர் அவர்களின் ஓய்வறியா உழைப்பின் ரகசியம் என்ன?"

பந்தலில் யாரோ, "தூக்கம் வராதுங், அவ்வளவு பாவம்!" என்று கத்தினார்கள். மேயர் காதில் விழாத மாதிரி நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசினார். இரண்டாவது சீட்டு, நகரம் சிங்கப்பூர் ஆவது எப்போது. மூன்றாவது சீட்டை எடுப்பதற்குள் எங்கள் வீதிக் குழந்தையம்மாள் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

"சிங்கப்பூரு கெடக்கட்டுமுங்க. ஒம்பது நாளைக்கு ஒருக்கா தண்ணி உடறீங்க. அதுவும் வெடியால மூணு மணிக்கு. நாங்க என்ன ஆந்தைங்களா?"

சிரிப்பு கிளம்பியது. மேயர் சிரிக்கவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"அம்மணி, நீங்க எந்த ஊடு?"

"கடைசி ஊடுங்க."

"படிக்கட்டு ரோட்டுக்கு ரெண்டடி நீட்டிட்டு நிக்குதே, அந்த ஊடுதானுங்களே? வர்றப்பப் பாத்தேன். நாளைக்கே ஆளனுப்பிப் பாக்கச் சொல்றேன். தண்ணிக்குப் பொறவு வருவோம்."

குழந்தையம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். சிரித்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுப் படிக்கட்டை மனசுக்குள் அளந்து பார்த்தார்கள். நானும்தான். அதற்குப் பிறகு ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஆனால் யாரும் கைதட்டவும் இல்லை. சிவராஜ் மிச்சமிருந்த சீட்டுகளை வேகவேகமாகப் படித்து முடித்தார்.

"இப்ப வீராங்கனைகள் சார்பா, கேப்டன் மோனிஷா நன்றி சொல்வாங்க."

மோனிஷா மைக்கை வாங்கினாள்.

"நன்றிங்க. ஒரே ஒரு கேள்விங்க."

"கேள்வி முடிஞ்சுது கண்ணு. நன்றி மட்டும் சொல்லு" என்றார் சிவராஜ்.

"என்ற சீட்டு பஜ்ஜிக்குப் போயிருச்சுங்க. அதனால வாயிலயே கேட்டுக்கறேனுங்க. மேயருங்க, இந்த மைதானத்துல குப்பைக் கொட்டாய் வருதுங்களா, இல்லீங்களா?"

மேயர் எழுந்து நின்றார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டேதான்.

"உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்க இதை?"

"ஆரும் சொல்லிக் குடுக்கலீங்க. அளந்தாங்க, பாத்தோமுங்க."

"அளந்தா? எங்க ஊட்டுலதான் தையல்காரர் வந்து என்னைய அளக்கறாரு. அன்னைக்கே என்னைய வெட்டிப் போடறாங்களா?" பின்னால் தரணீதரன் மட்டும் சிரித்தார். மேயர் எங்கள் பக்கம் விரலை நீட்டினார். "இங்க நாலஞ்சு பேருக்குச் சோலியே கெடையாது. வாசல்ல உக்காந்து வதந்தி கெளப்பறதே பொழப்பு. எனக்குத் தெரியும் ஆருன்னு. எங்க கொலசாமி மேல ஆணையாச் சொல்றேன். அப்படி ஒரு ஃபைல் எம்மட மேசைக்கு வல்ல. தேதி வெக்கல, எடம் முடிவு பண்ணல. எதுவுமே இல்ல. போதுமா? விருது குடுக்கற எடத்துல வந்து வம்பு பண்றது எந்த ஊரு பழக்கம்? உங்கப்பன் ஆத்தா இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

மருதாள் எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். மோனிஷாவின் முகம் சிவந்து போயிருந்தது. அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சிவராஜ் மைக்கைப் பிடுங்கி, "சரி சரி, மேயரே வாக்குக் குடுத்துட்டாரு! புள்ளைங்கல்லாம் பனியனை மேல மாட்டிட்டு, மேட்சுல உக்கார்ற மாதிரியே களத்துல வரிசையா உக்காருங்க. பேப்பர்க்காரங்க போட்டோ எடுக்கட்டும்!" என்று கத்தினார்.

கோ-கோ பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். துரத்துகிற அணியில் எட்டுப் பேர் ஒரே கோட்டில் குத்துக்காலிட்டு உட்காருவார்கள். ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்ப்பாள். அப்படி மாறி மாறி. ஒன்பதாவது ஆள் நின்று ஓடுவாள், உட்கார்ந்த ஒருத்தியின் முதுகைத் தட்டி "கோ" என்றால் அவள் எழுந்து ஓடுவாள்.

பிள்ளைகள் களத்தின் ஓரத்தில் கூடிக் கவரைக் கிழித்தார்கள். மோனிஷா தன் பனியனை உதறினாள். அப்படியே நின்றாள். பிறகு பக்கத்துப் பெண் கையிலிருந்ததை வாங்கி உதறினாள், இன்னொருத்தியுடையதையும். என்ன பார்க்கிறாள் என்று எனக்கு அங்கிருந்து தெரியவில்லை, கழுத்து வலிக்கிற அளவுக்கு எட்டிப் பார்த்தும். குசுகுசுவென்று ஏதோ சொன்னாள். சில பனியன் கை மாறியது. உட்காரப் போனவர்களில் இரண்டு பேரைத் தோளைப் பிடித்து எழுப்பி இடம் மாற்றினாள். போட்டோவுக்கு உயரம் பார்த்து மாற்றுகிறாள் என்று சிவராஜ் நினைத்திருப்பார்.

எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். நான்கு முதுகு மேடைக்கு, நான்கு முதுகு எங்களுக்கு.

மேடைக்குத் தெரிந்த முதுகில் என்ன இருந்ததென்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: "மாநில வாகை சூடிய மங்கையருக்கு மேயரின் பாராட்டு." மேயருக்கு அது பிடித்திருந்தது, பல் தெரிந்தது.

எங்களுக்குத் தெரிந்த நான்கு முதுகையும் குழந்தையம்மாள்தான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். முதியோர் கல்வியில் படித்தவள், ஒரு எழுத்தை விடமாட்டாள்.

"நுண்... உரக்... கூடம்... அடிக்கல் நாட்டு விழா. மொச்சைக்காட்டு மைதானம். செப்டம்பர் பன்னெண்டு, வெள்ளிக்கெழமை, காலை ஒம்பதரை. அடிக்கல் நாட்டுபவர்..." அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வணக்கத்திற்குரிய மேயர்!"

பந்தல் முழுக்க ஒரே கூச்சல். நாற்காலிகள் விழுந்தன. தூரத்திலிருந்து கேட்ட மேயர் அதை ஆரவாரம் என்றே எடுத்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, களத்தைத் தாண்டி எங்களை நோக்கி நடந்து வந்தார். மருதாள் அவருக்குப் பின்னால் கையைக் காட்டினாள். திரும்பினார். நான்கு முதுகையும் படித்தார். கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது.

"இது... பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார்.

"தேதி வெக்கலைன்னீங்க!"

"கொலசாமி கேட்டுட்டுத்தான இருக்குது?"

"மேசைக்கு வல்ல, பனியனுக்கு வந்துருச்சாக்கும்!"

"மிஸ்டேக்குன்னு சொல்றேனில்ல! ஆராச்சும் சதி பண்ணியிருப்பாங்க!"

மருதாள் களத்துக்குள் போனாள். ஒரு பெண்ணின் பின்னால் உட்கார்ந்து பனியனின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். அச்சை நகத்தால் சுரண்டினாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கூட்டம் அமைதியாகிவிட்டது. எங்கள் ஊரில் செக்கிங் நடக்கும்போது முதலாளியானாலும் வாய் பேசமாட்டார்கள்.

"பிரிண்டிங் மிஸ்டேக்குன்னா எழுத்து தேஞ்சிருக்கோணுமுங்க. இல்லீன்னா கோணிக்கிட்டுப் போயிருக்கோணும். கலர் ஊறியிருக்கோணும்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "இதுல ஒரு குத்தமும் இல்லீங் சாமி. எடம், தேதி, நேரம், பேரு எல்லாம் நச்சுனு விழுந்திருக்குது. இது பாஸுங்க."

பாஸ் என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு விசில் பறந்து நான் பார்த்ததில்லை. மேடையில் தரணீதரனின் நாற்காலி காலியாக இருந்தது.

மேயருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "அதெல்லாம் கழட்டிக் குடுத்துருங்க. வேற நல்ல பனியன் அனுப்பறேன்" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

மோனிஷா நகரவில்லை. மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி நாற்காலி வரை கேட்டது.

"குடுத்த மரியாதையத் திருப்பிக் கேக்கறீங்களாங்க? அப்ப எங்க கோப்பையவும் மொதல்ல குடுங்க."

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, கோப்பை இன்னும் தன் கக்கத்தில் இருப்பது. கொடுத்தார். கொடுத்துவிட்டுக் காருக்குப் போனார். போகும்போது சாக்கடைப் பவுடரில் கால் வைத்து வெள்ளைச் செருப்போடு போனார். இடதுபக்கம்தான் உட்கார்ந்தார்.

பனியன் எப்படி மாறியது என்று தெரியாமல் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தரணீதரன் யூனிட்டில் பேக்கிங்கில் இருக்கிற அபிராமியைப் பிடித்தேன். விஷயம் ரொம்பச் சின்னது. மச்சான் இரண்டு விழாவுக்கும் ஒரே சமயத்தில் அச்சடித்திருக்கிறார். முன்பக்கம் ஒரே முகம், பின்பக்கம் வேறு வேறு. மடித்தால் எல்லாம் ஒன்று. ஏற்றுமதிச் சரக்கில் ஒரு பெட்டிக்குள் எல்லா அளவும் எல்லா டிசைனும் கணக்குப்படி கலந்து போட வேண்டும், அதற்கு ரேஷியோ என்று பெயர்.

"ஃபோன்ல கேட்டேனுங்க்கா, 'ரெண்டு டிசைன் இருக்குதுங், எப்புடிப் போடறது'ன்னு" என்றாள் அபிராமி. "'எப்பவும் போல ரேஷியோ போட்டு அனுப்பு, சும்மா நொய்நொய்ங்காத'ன்னாரு. பெட்டிக்கு ஆறு இது, ஆறு அது. ஒண்ணுகூடத் தப்பாப் போடலீங்க."

இருபது வருடம் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிய வாய், எதிர்வீதிக்கு அனுப்பும்போதும் அதையேதான் சொல்லியிருக்கிறது.

புதன்கிழமை தரணீதரனே எங்கள் வீதிக்கு வந்தார். காரில் பன்னிரண்டு டிராக் சூட், ஷூவோடு. நெஞ்சில் மேயர் முகம் இல்லாதது. நல்ல சரக்கு. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பழைய பனியனைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மோனிஷா வீட்டில் நானும் இருந்தேன். தயிர் உறை வாங்கப் போயிருந்தேன்.

"கண்ணு, இதைப் போட்டுட்டு செலக்‌ஷனுக்குப் போனீன்னா கெத்தா இருக்கும்" என்றார்.

மோனிஷா டிராக் சூட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆசை இருந்தது, கண்ணில் தெரிந்தது. பொய் சொல்வானேன், எனக்கே இருந்தது.

"மைதானத்தைத் தொடமாட்டோம்னு மேயர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, பன்னெண்டையும் தொவைச்சு, தேச்சுக் குடுக்கறமுங்க" என்றாள்.

"அது எங்கையில இல்ல கண்ணு."

"பனியனும் எங்கையில இல்லீங்க. பன்னெண்டு பேரு கையில இருக்குது."

தரணீதரன் வாசலில் நின்று மருதாளிடம், "புள்ளைய ரொம்ப வளத்துட்டீங்க" என்றார். நல்ல அர்த்தத்தில் சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் பிள்ளைகள் அதே பனியனோடுதான் ஆடினார்கள். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தித் தேதியைப் படித்தார்கள். மேயர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. மைதானத்து விளக்கு இரண்டு நாளில் எரியாமல் போயிற்று. குழந்தையம்மாள் வீட்டுப் படிக்கட்டை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். தண்ணீர் ஒன்பது நாள் பதினோரு நாள் ஆயிற்று. விளக்கு எரியாததால் நஞ்சப்பன் தறி முடித்து வந்ததும் தன் வண்டியைக் களத்தோரம் நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். மகளோடு பேசமாட்டார், பெட்ரோல் மட்டும் எரிப்பார்.

செப்டம்பர் பன்னிரண்டும் வந்தது. அன்றைக்குக் கம்பெனிக்கு மட்டம் போட்டவர்கள் எத்தனை பேர் என்று முதலாளிகளைத்தான் கேட்க வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் மைதானத்தில் நிற்க இடமில்லை. பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். எட்டுப் பேர் கோட்டில் உட்கார்ந்தார்கள்.

ஒன்பதரை ஆனது. மேயர் வரவில்லை. ஜேசிபி வரவில்லை. குட்டி யானை வண்டியில் இரண்டு வாழைமரத்தோடு பந்தல்காரர் மட்டும் வந்து சேர்ந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அடிக்கல் விழாவுங்களே, மரத்தை எங்கீங்க கட்டறது?" என்று கேட்டார்.

நாங்கள் யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் சிவராஜ் பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். கையில் ஒரு காகிதம். "நிர்வாகக் காரணங்களால் விழா ஒத்திவைக்கப்படுகிறது, மறுதேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்று படித்தார்.

"ஒத்திவெச்சா எம்புட்டு நாளைக்குங்க?" என்றாள் மோனிஷா.

"அதெல்லாம் மேல முடிவு பண்றது."

"அக்டோபர் தாண்டுமுங்களா?"

சிவராஜ் கூட்டத்தைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார். "தாண்டும், தாண்டும்" என்றார் எரிச்சலாக. மோனிஷா திரும்பிக் கோட்டுக்கு ஓடினாள். முதல் "கோ" கேட்டது.

சிவராஜ் வண்டியைக் கிளப்பும்போது மருதாள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, மறுதேதி பிரிண்ட் ஆனதும் நம்மூட்டுக்கு ஒரு பீஸ் அனுப்பச் சொல்லுங்க. செக்கிங் நாந்தான் பாப்பேன்."